கப்பலை விட்டு இறங்கியபின் சிங்கப்பூர்: அன்றே விமானமா, ஒரு ராத்திரியா, இரண்டா?

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பக்கம் போய்விட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குகிற கப்பல் பயணத்துக்கு நம் பக்கத்திலிருந்து நிறையக் குடும்பங்கள் போகின்றன. பால்கனி வைத்த கேபினா, ஜன்னலே இல்லாத கேபினா என்று ஒரு மாதம் பேசுவார்கள். இறங்கின பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் "அன்னிக்கே ஃப்ளைட் போட்டாச்சு" என்றோ, "ரெண்டு நாள் சிங்கப்பூரும் பார்த்துட்டு வந்துடுவோம்" என்றோ ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை மனைவியும் நானும் மட்டும், இறங்கிய அன்றே ராத்திரி விமானம். இரண்டாவது தடவை அப்பா, அம்மா, எட்டு வயது மகள் என்று ஐந்து பேர், ஒரு ராத்திரி தங்கினோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பணத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, உடம்பிலும் மனதிலும்தான் நிறைய. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கப்பல் உங்களை இறக்கிவிடுவது காலையில். பெரும்பாலும் விடியும் நேரத்துக்கே வந்து கட்டிவிடும், ஏழு மணி வாக்கில் ஆரம்பித்து பத்துக்குள் கடைசி ஆள்வரை வெளியே அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் அன்று மத்தியானமே அடுத்த கூட்டம் அதே கேபின்களில் ஏறவேண்டும். ஆனால் ஹோட்டலில் அறை கிடைப்பது பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கு. பெரிய கடைத்தொகுதிகள் திறக்கவே பத்து, பதினொன்று ஆகிவிடும், அருங்காட்சியகங்களும் அப்படித்தான். அந்த ஊரின் அழகோ சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் வெளியே வரும். ஆக, எட்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஏழு மணி நேரம், கையில் பெட்டி, தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே தரை இன்னும் லேசாக ஆடுகிற மாதிரி ஓர் உணர்வு. (சில பேருக்கு இந்த மிதப்பு ஒரு நாள் முழுக்க இருக்கும், அம்மாவுக்கு மறுநாள் காலைவரை இருந்தது.) எந்த முடிவை எடுத்தாலும், இந்த ஏழு மணி நேரத்தை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று யோசித்துவிட்டு எடுங்கள்.

இறங்கி நேராக விமான நிலையம் போவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏற்கெனவே சிங்கப்பூர் பார்த்தவர்கள், கப்பலுக்கு முன்னாலேயே இரண்டு நாள் தங்கியவர்கள், லீவு இல்லாதவர்கள், இவர்களுக்கு அது போதும். ஒரே எச்சரிக்கை, பதினொரு மணி விமானத்தைப் போட்டுவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான பேர் ஒரே காலையில் இறங்குகிறார்கள், குடிநுழைவு (இமிக்ரேஷன்) வரிசை, பெட்டி எடுக்கும் வரிசை, டாக்ஸி வரிசை என்று மூன்று வரிசை இருக்கிறது. மரினா பே கப்பல் முனையத்திலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு டாக்ஸியில் அரை மணிக்குள்தான், ஆனால் அந்த டாக்ஸிக்குள் உட்காருவதற்குள் மணி பத்தாகிவிடலாம். ஒரு மணிக்கு மேல் கிளம்புகிற விமானம் என்றால் நிம்மதி. நேரம் மிச்சமிருந்தால் விமான நிலையத்தை ஒட்டியே ஜுவல் என்ற கடைத்தொகுதி இருக்கிறது, 2019-ல் திறந்தது, கூரையிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்கு உள்ளேயே கொட்டுகிற அருவி. அதைச் சுற்றிலும் மரமும் செடியுமாக அடுக்கு அடுக்காக ஒரு காடு. சிங்கப்பூரில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பார்த்தாலும் குறையில்லை.

அடுத்தது, நாங்கள் முதல் தடவை செய்தது. காலையில் இறங்கி, நாள் முழுக்க ஊர் சுற்றி, ராத்திரி விமானம். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான திட்டமே இல்லை, அறை வாடகை மிச்சம், ஒரு நாளும் வீணாகவில்லை. நடந்தது வேறு. பெட்டியை ஒரு கடைத்தொகுதியின் லாக்கரில் வைத்துவிடலாம் என்று நினைத்துப் போனோம். எட்டே காலுக்கு அந்தக் கட்டிடத்தின் கதவே திறக்கவில்லை. திறந்த பிறகு பார்த்தால் பெரிய லாக்கர் எல்லாம் ஆள் பிடித்திருந்தது, சின்னதில் எங்கள் பெரிய பெட்டி குறுக்கே வைத்தாலும் நுழையவில்லை. அந்த 24 கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டே மெர்லயன் சிலை வரை போனோம். அங்கே எடுத்த படங்களில் எல்லாம் ஓரத்தில் அந்த நீலப் பெட்டி நிற்கிறது. மூன்று மணிக்கு மழை. நனைந்த உடையோடு ராத்திரி பத்து மணி வரை ஒதுங்க இடமில்லாமல், குளிக்க வழியில்லாமல் இருந்தது மனைவிக்கு மிகவும் கஷ்டமாகிவிட்டது, மறுநாள் காய்ச்சல்.

ஆனால் இந்த வழியையே தப்பு என்று தள்ள மாட்டேன். இதைச் சரியாகச் செய்ய ஒரு முறை இருக்கிறது. இறங்கியதும் முதலில் சாங்கிக்கே போய்விடுங்கள். அங்கே பெட்டிகளைக் காசு கட்டி வைத்துவிட்டுப் போக இடம் இருக்கிறது, சில விமான நிறுவனங்கள் பல மணி நேரம் முன்பே பெட்டியை வாங்கிக்கொள்கின்றன, உங்கள் விமானத்துக்கு அந்த வசதி உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள். கையில் ஒரு சின்னப் பை, அதில் ஒரு மாற்று உடை, குடை. ரயிலில் எக்ஸ்போ நிலையத்தில் இறங்கி நீல நிறப் பாதைக்கு மாறினால், அதுவே லிட்டில் இந்தியாவுக்கு நேராகக் கொண்டுபோய் விடும், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். திரும்பி வந்து குடிநுழைவு தாண்டிய பிறகு உள்ளே கட்டணக் குளியலறை இருக்கிறது, குளித்துவிட்டு விமானம் ஏறலாம். இருபது, முப்பது வயதுக்காரர்கள் இரண்டு பேர், முதுகுப் பையோடு என்றால் இந்த முறையைத் தாராளமாகச் சொல்வேன். அறுபது தாண்டியவர்களோடு வேண்டாம். பகல் இரண்டு மணிக்கு ஒருவருக்குப் படுக்கவேண்டும் போலிருந்தால், படுக்க ஓர் இடம் வேண்டும்.

விமான நிலையம் இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறதே, அதில் போய்விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது விமானத்தில் வந்து இன்னொரு விமானத்தில் போகிற பயணிகளுக்கு. கப்பலில் வந்தவர்களுக்குக் கிடையாது.

சரி, ஒரு ராத்திரி தங்குவது. நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது இதைத்தான், அதிலும் எங்கே தங்குவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காலை எட்டு மணிக்குச் சிங்கப்பூரில் முழுசாக விழித்திருக்கிற சுற்றுலா இடங்கள் குறைவு. ஒன்று தாவரவியல் பூங்கா, காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும், நுழைவுக் கட்டணம் இல்லை, 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இன்னொன்று லிட்டில் இந்தியா, அங்கே இருப்பவர்கள் தேக்கா என்றுதான் சொல்வார்கள். எட்டு மணிக்குத் தேக்கா சந்தையில் மீனும் கீரையும் வாங்க வந்தவர்கள் கூட்டம் நெரியும், பக்கத்திலேயே அங்காடிக் கடைகளில் இடியாப்பம், தோசை, பரோட்டா எல்லாம் சுடச்சுட நடக்கும். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் நடை திறந்திருக்கும். கோயில்களில் மத்தியானம் நடை சாத்திவிட்டு சாயங்காலம்தான் திறப்பார்கள், அதனால் கோயில் போக வேண்டும் என்றால் கப்பல் இறக்கிவிடுகிற நேரம்தான் நல்ல நேரம். அந்த ஏழு மணி நேரப் பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்த மருந்து தேக்காதான். ஹோட்டலை அங்கேயே போட்டுவிடுங்கள், ஒன்பது மணிக்குப் போய் பெட்டியை மட்டும் ஒப்படைத்துவிடுங்கள், பெரும்பாலான ஹோட்டல்களில் சும்மாவே வைத்துக்கொள்வார்கள். அறை காலியாக இருந்தால் முன்னாலேயே கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

நாங்கள் ஐந்து பேர் அன்று செய்தது இது. ஒன்பது மணிக்குப் பெட்டி போட்டாயிற்று. தேக்கா அங்காடியில் உட்கார்ந்தோம். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம், அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. சாப்பிட்டதும் தட்டை நாமே எடுத்துக்கொண்டுபோய் வைக்கவேண்டும், 2021-லிருந்து அது சட்டம். அப்பா கோப்பி கேட்டார், கறுப்பாக வந்தால் அது கோப்பி ஓ, பால் ஊற்றியது வேண்டுமென்றால் சும்மா கோப்பி, அதில் வருவது கெட்டிப்பால், இனிப்பு தூக்கலாக இருக்கும். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடிக் குவளையின் அடியில் தங்கியிருந்த வெள்ளைப் பாலை ஸ்பூனால் கலக்கிக் கலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலில் மூன்று நாளாக எந்திரத்துக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தவருக்கு அது பெரிய ஆறுதல். அம்மா கீரைக் கடையில் அரைமணி நேரம் நின்றார், ஒன்றும் வாங்கவில்லை, விலை மட்டும் கேட்டார், கடைக்காரம்மா தமிழில் பதில் சொன்னதும் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் கோயில். அப்புறம் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம், குளிர்சாதனம், உட்கார நாற்காலி, நம் ஆட்கள் அந்த ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கதை. (திங்கட்கிழமை மூடியிருக்கும்.) பன்னிரண்டரைக்கு வாழையிலைச் சாப்பாடு. சைவம் என்றால் 1947-லிருந்து இருக்கிற கோமள விலாஸ் இருக்கிறது, இன்னும் நிறைய இருக்கின்றன. இரண்டு மணிக்கு அறை கிடைத்தது, ஐந்து மணி வரை எல்லோரும் தூங்கினோம். அந்த மூன்று மணி நேரத் தூக்கத்துக்காகவே ஒரு ராத்திரி வாடகையைக் கொடுக்கலாம்.

சாயங்காலம் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட், ரயில் மாறவே வேண்டாம். இறங்கி நடந்தால் ஒரு பக்கம் மரினா பே சேண்ட்ஸ், இன்னொரு பக்கம் கரையோரப் பூந்தோட்டங்கள். இரும்பும் செடிகொடியுமாக நிற்கிற அந்த ராட்சத மரங்களில் ராத்திரி 7.45-க்கும் 8.45-க்கும் ஒலி ஒளிக் காட்சி, காசு கிடையாது. எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்துத்தான் பார்ப்பார்கள், நாற்காலி தேடாதீர்கள், ஒரு துண்டு எடுத்துப் போங்கள். கண்ணாடிக் குவிமாடங்களுக்குத் தனிக் கட்டணம். இரண்டில் ஒன்றுதான் என்றால் மேகக்காடு, உள்ளே 35 மீட்டர் அருவி இருக்கிறது, வெளியே வேர்த்துக்கொட்டிவிட்டு உள்ளே நுழைந்ததும் குளிரில் மகள் சட்டென்று தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு சாயங்காலத்தை, பெட்டியின் பாரம் இல்லாமல், குளித்துவிட்டு, தூங்கி எழுந்த முகத்தோடு பார்ப்பதும், ராத்திரி விமானத்துக்கு மணியைப் பார்த்துக்கொண்டே பார்ப்பதும் ஒன்றில்லை. நான் இரண்டையும் செய்தவன், அதனால் சொல்கிறேன்.

மறுநாள் காலை, விமான நேரத்தைப் பொறுத்து, சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் (1827-ல் உருவானது, சிங்கப்பூரிலேயே பழைய இந்துக் கோயில்), இல்லையென்றால் முஸ்தபா என்ற பெரிய கடையில் வீட்டுக்குத் தேவையான சாமான். முஸ்தபா நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் என்பதால் அதை ராத்திரிக்கே வைத்துக்கொள்ளலாம். ஒரே கடையில் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மேல் வாங்கினால், சாங்கியில் விமானம் ஏறும்போது பொருள் சேவை வரியைத் திரும்பக் கேட்கலாம், 2024-லிருந்து அது 9 விழுக்காடு. ஒரு வெள்ளி 70 ரூபாயை ஒட்டி வருகிறது, ஆகவே பெரிய பொருள் வாங்குபவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

தேக்காவை விட்டால் தங்க வேறு மூன்று இடங்களைச் சொல்வார்கள். மரினா பே பக்கம் அறை ஜன்னலிலேயே காட்சி கிடைக்கும், தேனிலவுக்கோ, ஒரு தடவைதான் வாழ்க்கையில் என்றோ போகிறவர்கள் எடுக்கலாம், நான் லிட்டில் இந்தியாவில் ஓர் அறைக்கு 150 வெள்ளி கொடுத்தேன், அந்தப் பக்கம் நல்ல ஹோட்டல் என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு, மரினா பே சேண்ட்ஸிலேயே தங்குவதென்றால் இன்னும் மேலே. காலை எட்டு மணிக்கு அங்கே இறங்கினால் சுற்றிலும் அலுவலகம் போகிறவர்கள்தான் இருப்பார்கள், காலைச் சாப்பாட்டுக்கு நம் நாக்குக்கு ஏற்றதைத் தேட வேண்டும். செந்தோசா தீவு, குழந்தைகள் இருந்தால் மட்டும், அதுவும் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால் மட்டும். சாங்கி ஓரமாகத் தங்குவது மறுநாள் காலை ஆறு மணி விமானக்காரர்களுக்கு நல்லது, மற்றவர்களுக்கு ஊரை விட்டு வெளியே இருக்கிற மாதிரிதான்.

உங்கள் கப்பல் எந்த முனையத்தில் கட்டும் என்பதையும் டிக்கெட்டில் பாருங்கள், ஊரில் இரண்டு இருக்கின்றன. ஹார்பர்ஃபிரண்ட் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, முனையத்தை ஒட்டியே ரயில் நிலையம், ஊதா நிறப் பாதையில் ஏறினால் மாறாமல் நேராக லிட்டில் இந்தியா, கால் மணி நேரம்கூட ஆகாது. செந்தோசாவுக்கும் அங்கிருந்துதான், பக்கத்துக் கட்டிடமான விவோசிட்டியின் மூன்றாவது தளத்தில் குட்டி ரயில் ஏறலாம். 2012-ல் திறந்த மரினா பே முனையம் என்றால், மரினா சவுத் பியர் நிலையத்துக்குச் சுமார் பத்து நிமிட நடை, அங்கிருந்து சிவப்புப் பாதையில் டோபி காட், அங்கே மாறி ஒரே நிறுத்தம். (டோபி காட் என்ற பெயர் நம் நாட்டிலிருந்து போன சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த இடம் என்பதால் வந்தது, ரயிலில் அறிவிப்பு வரும்போது மகளுக்குச் சொன்னேன்.) வார நாளில் எட்டு மணி ரயிலில் நாலு பெட்டியோடு ஏறுவது சிரமம், அலுவலகக் கூட்டம் பிதுங்கும், ஒன்பதரை வரை பொறுத்தால் தேவலை. ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது, தண்ணீரும் சேர்த்துத்தான், பெரியவர்களுக்கு ஏறும் முன்பே தண்ணீர் கொடுத்துவிடுங்கள். பயணத்துக்குத் தனி அட்டை வாங்க வேண்டியதில்லை, வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம், வெளிநாட்டு அட்டைக்கு நாளுக்கு ஒரு சின்னக் கட்டணம் சேரும்.

டாக்ஸி விஷயத்தில் குழந்தை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைகளைக் குழந்தை இருக்கை இல்லாமல் செயலியில் கூப்பிடுகிற தனியார் வாடகைக் காரில் ஏற்றக் கூடாது, ஓட்டுநர் மறுத்துவிடுவார். கூரையில் பலகை வைத்த டாக்ஸிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எங்களை ஒருவர் அப்படி இறக்கிவிட்டார், கோபம் வந்தது, பிறகு படித்துப் பார்த்தால் அவர் செய்ததுதான் சரி.

இரண்டு ராத்திரி? முடிந்தால் தங்குங்கள், ஆனால் எதற்காக என்று தெரிந்து தங்குங்கள். இரண்டாவது நாளை மண்டாய் பக்கம் போடுவதென்றால் அர்த்தம் இருக்கிறது. விலங்குத் தோட்டம், 2023-ல் திறந்த பறவைகள் சொர்க்கம், ராத்திரியில் நைட் சஃபாரி எல்லாம் அங்கேதான், ஊருக்கு வடக்கே, போக மட்டும் ஒரு மணி நேரம். நைட் சஃபாரி 1994-ல் ஆரம்பித்தது, இருட்டில் டிராம் வண்டியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம் என்பதால் முட்டிவலிக்காரர்களுக்கும் ஒத்துவரும். குழந்தைகள் இருந்தால் ஒரு நாள் செந்தோசா அல்லது ஒரு நாள் மண்டாய், இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். இவை இரண்டும் வேண்டாம் என்றால் இரண்டாவது ராத்திரிக்கான பணத்தை வேறு விதமாகச் செலவு செய்யச் சொல்வேன். கப்பல் ஏறுவதற்கு முந்தைய ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நம் ஊரிலிருந்து ராத்திரி விமானத்தில் கிளம்பி, காலையில் சாங்கியில் இறங்கி, அன்று மத்தியானமே கப்பல் ஏறுவதாகத் திட்டம் போடுகிறார்கள். விமானம் ஐந்தாறு மணி நேரம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. கையில் இரண்டு ராத்திரிதான் என்றால் ஒன்று முன்னால், ஒன்று பின்னால், இரண்டுக்கும் லிட்டில் இந்தியாவில் ஒரே ஹோட்டல். இதில் இன்னொரு வசதியும் உண்டு. கப்பலுக்குத் தேவையில்லாத பெட்டியை அவர்களிடமே விட்டுவிட்டுப் போகலாம், திரும்ப வந்துதானே தங்கப்போகிறோம் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படி ஒரு பெட்டியை விட்டுவிட்டுத்தான் கப்பலேறினோம். திரும்பிய அன்று காலை ஹோட்டல் வரவேற்பில் இருந்த பையன் எங்களைப் பார்த்ததுமே அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான், துவைத்த துணி அதில் இருந்தது, பொதுக் கழிவறையிலேயே அம்மா புடவை மாற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

காகித வேலை. இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், கப்பலில் போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள், ஆகவே விசா பல முறை நுழைய அனுமதிப்பதுதானா, கடைசித் தேதி திரும்பி வந்து தங்கும் நாளையும் தாண்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வருகை அட்டையை வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம், காசு கேட்கிற இணையதளம் எதுவும் அரசாங்கத்துடையது இல்லை. விமானத்தில் வந்தபோது நிரப்பியாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள், கப்பலில் திரும்பும்போதும் கேட்பார்கள், கப்பலில் இணையம் விலை அதிகம் என்பதால் கடைசித் துறைமுகத்தில் இறங்கும்போதே முடித்துவிடுவது நல்லது. அப்புறம், கப்பல் கடையில் மது பாட்டில் வாங்கி வருகிறவர்கள் கவனிக்கவும், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கும், 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவர்களுக்கும் வரிச்சலுகை கிடையாது. சிகரெட்டுக்கு யாருக்குமே கிடையாது. மின்சிகரெட், சூயிங்கம் இரண்டையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசி ராத்திரி பெட்டியைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், அது காலையில் முனையத்துக்குள் வந்து நிற்கும். மருந்து, பாஸ்போர்ட், மாற்று உடை மூன்றும் அந்தப் பெட்டிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியை நாமே தூக்கிக்கொண்டு இறங்குவதற்கும் அனுமதி உண்டு, அப்படிச் செய்பவர்களை முதலில் விடுவார்கள். பெரியவர்கள் இருந்தால் அந்த அவசரம் வேண்டாம், நிதானமாகக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கடைசிக் கூட்டத்தோடு இறங்குங்கள். ஏழு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் அங்கேயே கழிந்துவிடும்.

எந்தக் கிழமையில் வந்து சேர்வது என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் நான் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வேன். கூட்டம் அதிகம் என்று பலர் தவிர்க்கச் சொல்வார்கள். உண்மைதான், ஞாயிறு சாயங்காலம் தேக்காவில் கால் வைக்க இடம் இருக்காது, கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்கிற நம் பையன்களும் பங்களாதேஷ் பையன்களும் வாரத்தில் ஒரு நாள் கூடுகிற இடம் அது. நாங்கள் வந்ததும் ஞாயிறுதான். பூந்தோட்டத்திலிருந்து ராத்திரி பத்து மணிக்குத் திரும்பும்போது அப்பா முட்டி வலிக்கிறது என்று புல்தரையோரத் திட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் பார்சல் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன் நகர்ந்து இடம் கொடுத்தான். அறந்தாங்கிப் பக்கம், வந்து நாலு வருஷமாகிறதாம். நாங்கள் கப்பலில் போய்விட்டு வந்தோம் என்றதும், அந்த மாதிரி ஒரு கப்பல் பட்டறைக்கு வந்திருந்தபோது அதற்குள்ளே இரண்டு மாதம் வேலை பார்த்ததாகச் சொன்னான், கேபின்களில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புதுசு போடுகிற வேலை. எத்தனையாவது தளம் என்று அப்பா கேட்டார். எட்டு, ஒன்பது என்றான். பிறகு அவன் அப்பாவிடம் கேட்டான், "ராத்திரி படுத்தா ஆடுறது தெரியுமாய்யா?"

"முதல் நாள் மட்டும் தெரிஞ்சுது தம்பி, அப்புறம் தொட்டில்ல போட்ட மாதிரி நல்லாத் தூங்கிட்டேன்" என்றார் அப்பா. அவர்கள் பேசி முடிக்கிற வரை நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், மகள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். ஹோட்டல் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.